கேட்டவர் பதில் சொல்லவில்லை

அப்போது அல்சூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு புரோகிராமில் வந்த பிழை பிடிபடாமல், இணையத்தில் புரோகிராமர்கள் கூடும் ஃபோரம் ஒன்றில் புனைபெயரில் கேள்வி போட்டேன். முகம் தெரியாத யாரோ பொறுமையாகத் தீர்வு எழுதியிருந்தார். அதை என் சொந்த யோசனை என்று மேலாளரிடம் காட்டிப் பாராட்டு வாங்கினேன்.

சில மாதங்கள் கழித்து, நீலசந்திராவிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு வந்த பெண்ணிடம் அதே பிழையைப் பற்றிக் கேட்டேன். அவர் வரிக்கு வரி அதே தீர்வைச் சொன்னார்.

"ஃபோரத்துல பாத்து மனப்பாடம் பண்ணீங்களா?" என்றேன்.

"அங்க எழுதினதே நான்தான் சார். கேட்டவர் அப்புறம் ஒண்ணுமே சொல்லல. அவருக்குச் சரியாச்சான்னுகூட தெரியல."

அவருடைய விண்ணப்பத்தைப் பார்த்தபடி, "சரியாகியிருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அவருக்கு வேலை கிடைத்தது. பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தோம். கேட்டவன் நான்தான் என்று சொல்ல மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.