எனக்கு முன் இருந்த மேடம்

கும்மிடிப்பூண்டி அருகே ஒரு கல்லூரியில் பெண்கள் வாலிபால் அணிக்கு நான் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வாரம் அது. ஓராண்டு ஒப்பந்தம். எங்கள் வேலையே அப்படித்தான். இந்த வருடம் இங்கே, அடுத்த வருடம் எங்கேயோ.

அன்று மாலைப் பயிற்சியில் பந்து உயரே எழும்பியது. அதை அடிக்க யாரும் குதிக்கவில்லை. அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் நின்று, மைதானத்தை ஒட்டியிருந்த ரசாயனத் தொழிற்சாலைப் பக்கம் திரும்பினார்கள். ஜெர்சியை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின்வாசலை நோக்கி வேகமாக நடந்தார்கள். விசில் ஊதினேன். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

கேப்டன் மட்டும் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"இன்னா மிஸ் நின்னுக்கினு இருக்கீங்க? மூக்க மூடிக்கினு வாங்க."

சாலைக்கு வந்த பிறகுதான் அந்த நெடி எட்டியது. கண் எரிந்தது. மைதானத்தில் வெளிர்மஞ்சள் புகை மெல்லப் படர்ந்து வலையை மறைத்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தாண்ட இருந்த காக்கா எல்லாம் ஒண்ணா எழும்பிச்சு மிஸ். அப்போ கேஸ் வருதுன்னு அர்த்தம். யாரையும் கேக்காம காத்துக்குக் குறுக்கால நடந்துடணும்னு உங்களுக்கு முன்னாடி இருந்த மேடம் பழக்கினாங்க."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியாது மிஸ். காண்ட்ராக்ட் முடிஞ்சிச்சு, பூட்டாங்க."

அந்த மேடத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அன்று அந்தப் பெண்களை நடத்திச் சென்றது அவர்தான். என் விசிலுக்கு நிற்காதவர்கள் இங்கே இல்லாத ஒருவரின் சொல்லுக்கு நடந்ததை நினைத்தால் நன்றியோடு கொஞ்சம் பயமும் வருகிறது.