ஏழாவது சொல்லின் கீழ் ஒரு கோடு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்மறித் தோல் துண்டு கிடக்கிறது. ஆவாரம்பட்டையில் பதமானது. இத்தனை வருஷமாகியும் ஓரத்தில் கூட வெடிக்கவில்லை. அதில் அரபி எழுத்தில் பத்துச் சொற்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் உச்சரிப்பு தமிழில், என் கையெழுத்தில். ஆறு, ஏழு, ஒன்பது ஆகிய மூன்றின் கீழும் சிவப்பு மையில் கோடு. ஏழின் கீழ் மட்டும் கோடு இரண்டு முறை அழுத்திப் போடப்பட்டிருக்கிறது. எழுதியவர் கொமோரோ தீவுக்காரர் ஒருவர். கோடு போட்டவன் நான். அவர் ஆசையாக எழுதிக் கொடுத்தார். நான் அவரைக் கவிழ்ப்பதற்காக எழுதி வாங்கினேன்.

முதல் உலகப்போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் பாலாற்றங்கரையை ஒட்டியிருந்த, தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் நான் கணக்குப்பிள்ளை. சொந்த ஊர் பள்ளிகொண்டா. தோலை எண்ணுவதும், எண்ணியதைச் சந்தேகப்படுவதும்தான் என் வேலை. வெளியே நல்லதாகவும் உள்ளே அழுகியும் இருக்கும் தோலை, கட்டுக்கு நடுவே ஒளித்துவைத்த ஓட்டைத் தோலை, ஈரம் ஏற்றி எடை கூட்டிய தோலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தப் புத்தி தோலோடு நின்றிருந்தால் நான் நல்ல மனிதனாகவே செத்துப்போகலாம். அது மனிதர்களிடமும் வந்தது. எவன் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பேன். வீட்டில் என் மனைவி கூட, "உங்களுக்குச் சோறு போடறதே பயமாகீது, இன்னா கலந்தேன்னு கேப்பீங்க போல" என்பாள்.

அப்போது ஆவாரம்பட்டைக்குப் பஞ்சம். ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்ற மரத்தின் பட்டை கப்பலில் வர ஆரம்பித்திருந்தது. மொம்பாசாக் கரையிலிருந்து வந்த ஒரு சரக்கோடு, அதை ஒப்படைக்க வந்தவர்தான் தீவுக்காரர். நாற்பது தாண்டியவர், நெட்டையானவர், எப்போதும் வெள்ளைத் தொப்பி. சான்சிபாரில் இந்தியக் கடைகளில் வேலை பார்த்தபோது கற்ற இந்துஸ்தானி பேசுவார். ஷாப்பில் நாலு மாதம் இருந்ததில் தமிழும் ஒட்டிக்கொண்டது. ஆட்கள் அவரைத் தீவு பாய் என்றார்கள்.

முதலாளிக்கு ஒரு யோசனை. பட்டையை அனுப்பும் மொம்பாசாப் பட்டைக்காரருக்கு இங்கிலீஷ் கம்பெனி வழியாக எழுதினால் பதில் தாமதமாகவும் திரிந்தும் வருகிறது. அந்தக் கரையின் மொழியான சுவாஹிலியில், அவர்கள் எழுதும் அரபி எழுத்திலேயே நேராக எழுதினால் என்ன? தீவுக்காரர் இரண்டு கடிதம் எழுதினார். பதில் வந்ததும் அவரையே நம் ஆளாக அந்தக் கரைக்கு அனுப்பிவிடுவது என்று முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாக்கு தீவுக்காரருக்கு எவ்வளவு பெரியது என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். பட்டைக் கொட்டகை வாசலில் கடலை கொறித்துக்கொண்டே சொன்னார். அவர் தீவு ங்காஸிஜா. அங்கே ஊரையே கூட்டிச் சோறு போட்டுப் பெரிய கல்யாணம் செய்யாதவன் முழு ஆள் இல்லை. தலை நரைத்தாலும் ஊர்ச் சதுக்கத்தில் இளவட்டங்களின் வரிசையில்தான் உட்கார வேண்டும், சபையில் வாய் திறக்கக் கூடாது. அத்தை மகள் ஒருத்தி பல வருஷமாகக் காத்திருக்கிறாள். அவளுக்காக அவள் தாய் கட்டிய வீடு தயாராக நிற்கிறது. இவர்தான் அங்கே குடிபோக வேண்டும். "கரைல நம்ம வேலை கிடைச்சா ரெண்டு வருஷம். அப்புறம் நானும் முன்னாடி உக்காருவேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை அங்கே குடிபோவதா? நான் அதைக் கூட நம்பவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அதே வழக்கம் இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பள்ளிவாசலில் அவர் தொழும்போது குனிவதற்கு முன்னால் கையைத் தூக்குகிறார் என்று ஷாப்பில் ஒருவன் கிசுகிசுத்தான். அதையும் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அவுங்க ஷாஃபி வழி, நாங்க ஹனஃபி வழி, தொழறது கொஞ்சம் மாறும். அது ஒரு பேஜாரா உனக்கு?" என்றார். கணக்கு மேசைக்குத் திரும்பிவிட்டேன். சந்தேகம் மட்டும் என்னோடு வந்தது.

மூட்டை எண்ணும் இடத்தில்தான் அது வளர்ந்தது. அவர் கொண்டுவந்த பட்டை மூட்டைகள் சென்னையிலிருந்து தவணை தவணையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஷாப்பில் சரக்கை இருவர் எண்ணுவோம். இறக்கும் இடத்தில் கொண்டுவந்தவர், அடுக்கும் இடத்தில் நான். நான் சத்தமாக, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று போவேன். முதல் மூட்டைக்கு யாரும் 'ஒன்று' சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்க வேண்டும். அவரும் சத்தமாகவே எண்ணுவார். ஆனால் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது அவர் வாயிலிருந்து வரும் ஓசை வேறு, மூட்டை எண்ணும்போது வரும் ஓசை வேறு. மூட்டையில் ஏதோ மூக்கும் நாக்கும் சேர்ந்த முரட்டு ஓசை. மூன்று மாதமாகக் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. எனக்கு எல்லாம் கூடி வந்தது. இந்த ஆளுக்குச் சுவாஹிலியே தெரியாது, காகிதத்தில் கிறுக்கி முதலாளியை ஏமாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருந்தார். போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று வருஷம் இருந்தவர், சுவாஹிலி பேசுவார். என் செலவில் ரயிலேற்றி அழைத்துவந்து, பட்டைக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கவைத்தேன். தீவுக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து வரைக்கும் ஹவில்தார் தலையை அரைகுறையாக ஆட்டினார். ஆறில் நெற்றி சுருங்கியது. ஏழில் என் கையைப் பிடித்தார்.

"இன்னாய்யா இது? ஆறுன்னா சித்தா, ஏழுன்னா சபா, ஒம்போதுன்னா திசா. மூணு வருஷம் அந்தக் காட்டுல ரேஷன் மூட்டை எண்ணுனவன் நான். இவன் ஏழுக்கு என்னமோ ஊதுறான். இது அந்த பாஷையே இல்ல."

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று சாயங்காலமே தீவுக்காரரிடம் போய், "பாய், உங்க பாஷைல ஒண்ணுலேர்ந்து பத்து எழுதிக் குடுங்க, கத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரில் அவர் மொழியை யாரும் கேட்டதில்லை. நல்ல தோல் துண்டாகத் தேடி எடுத்து, எழுதி, ஒவ்வொரு சொல்லையும் நான் சரியாகச் சொல்லும் வரை திருப்பித் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார். ஏழு, ம்ஃபுகாரே. ஒன்பது, ஷெந்தா. வீட்டுக்கு வந்து சிவப்புக் கோடு போட்டேன்.

மறுநாள் நான் போய்ச் சொன்னதும், முதலாளி என்னையும் தீவுக்காரரையும் ஹவில்தாரையும் உட்காரவைத்து, தோல் துண்டைக் காட்டித் தீவுக்காரரிடம் விசாரித்தார். தீவுக்காரர் பதறவில்லை. "இது என் தீவு பாஷை, ஷிங்காஸிஜா. கடிதம் எழுதறது கரை பாஷை. ரெண்டும் அக்கா தங்கச்சி, ஆனா ஒண்ணு இல்ல" என்றார். நான்கு விரலை நீட்டிக் காட்டினார். அவர்கள் தீவுகள் நான்கு. அவருடைய தீவுப் பேச்சும் ம்வாலி தீவின் பேச்சும் நெருக்கம். மற்ற இரண்டு தீவுகளின் பேச்சும் தங்களுக்குள் நெருக்கம். நான்கும் சேர்ந்து ஒரு வீடு, கரையின் மொழி பக்கத்து வீடு. "எழுதறது யார் பாஷைலயும் எழுதலாம். எண்ணறது அம்மா பாஷைலதானே வருது?"

"மாத்திச் சொல்றாரு மொதலாளி" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "புள்ளே, நீங்க மொதல் மூட்டைக்கு லாபம் சொல்றீங்க. தமிழ்ல ஒண்ணு இல்லையா? நான் மொதலாளிகிட்ட போய் இந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதுன்னு சொன்னேனா?"

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஹவில்தார் மீசையைத் தடவிக்கொண்டு, தான் அங்கே இருந்தவன், தனக்குத் தெரியாத பாஷை அந்தக் கரையில் கிடையாது என்று அடித்துச் சொன்னார். முதலாளி தோல் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருஷம் ஓட்டைத் தோல் பிடித்துக் கொடுத்தவன் நான். தீவுக்காரரோ நாலு மாதப் பழக்கம். "பதிலும் வரல பாய். சரக்கு விஷயம், நான் ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். ஷாப்பிலேயே வேறு வேலை தருவதாகவும் சொன்னார். தீவுக்காரர் தலையசைத்து மறுத்துவிட்டார்.

எழுந்தபோது தீவுக்காரர் முதலாளி கையிலிருந்த தோல் துண்டை வாங்கிப் பார்த்தார். சிவப்புக் கோடுகளை அப்போதுதான் கவனித்தார். அதை என் கையில் திருப்பிக் கொடுத்து, "நீங்க கத்துக்கறதுக்குக் கேட்டீங்கன்னு நெனச்சேன் புள்ளே" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போய்விட்டார்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அரபி எழுத்து, சுவாஹிலி மொழி. ஷாப்பில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு எழுத்துத் தெரியும், மொழி தெரியாது. ஹவில்தாருக்கு மொழி தெரியும், எழுத்துத் தெரியாது. இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தோம். ஹஜ்ரத் அர்த்தம் புரியாமலே ஒவ்வொரு சொல்லாக ஓதுவதுபோல் வாசிக்க, ஹவில்தார் கண்ணை மூடிக் கேட்டுத் தமிழில் சொன்னார். முதலில் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

கப்பல் கோளாறில் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்ததாம். பட்டை தயார். பிறகு ஹவில்தாரின் குரல் இறங்கியது. "உங்க கடிதத்தை எழுதுனவரு நல்லா எழுதியிருக்காரு... எழுத்தைப் பாத்தா கொமோரோ தீவு ஆளுன்னு தோணுது... எங்க அப்பாவுக்கு ஓதக் கத்துக்குடுத்தவரும் அந்தத் தீவுதான்... அவரையே அனுப்புங்க, சரக்கை அவரு கையில குடுக்கறேன்." சொல்லி முடித்துவிட்டு ஹவில்தார் கண்ணைத் திறக்கவே இல்லை. ஹஜ்ரத் மட்டும் என்ன விஷயம் என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

முதலாளி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "போய்க் கூட்டிட்டு வா புள்ளே" என்றார். சென்னைத் துறைமுகத்தில் மூன்று நாள் அலைந்தேன். வெள்ளைத் தொப்பி, நெட்டை ஆள் என்று கண்டவரையெல்லாம் கேட்டேன். முசாபர்கானா என்ற முஸ்லிம் பயணிகள் சத்திரத்தில் ஒருவர் சொன்னார், கரி அள்ளும் வேலைக்குக் கப்பலேறிப் போய்விட்டாராம், ரங்கூன் பக்கம். அவர் தீவு மேற்கே இருக்கிறது. நான் அவரைக் கிழக்கே அனுப்பிவிட்டேன். கடற்கரை மணலில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பத்து வருஷம் கழித்துப் பட்டைக்காரரின் மகன் ஆம்பூர் வந்தார். இந்துஸ்தானி நன்றாகப் பேசினார். தயங்கித் தயங்கி இந்தத் தோல் துண்டை அவரிடம் காட்டினேன். படித்ததும் சந்தோஷப்பட்டுவிட்டார். அவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணினார்களாம். பிறகு அரபு வியாபாரிகளோடு பழகி ஆறு, ஏழு, ஒன்பதுக்கு அவர்கள் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தீவுக்காரர்கள் பழைய வீட்டுச் சொல்லை விடவில்லை. ஒன்பதுக்குக் கெந்தா என்று அவர் ஊர்க் கிழவர்கள் இன்னும் சொல்வார்களாம், ஷெந்தாவும் அதுவும் ஒன்றுதானாம். நான் கள்ளச் சரக்கு என்று பிடித்துக் கொடுத்ததுதான் பழைய சரக்கு. குடியாத்தம் தாண்டினால் தெலுங்கு கேட்கிறது, எங்கள் ஷாப்பிலேயே உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்தில் புரளுகின்றன. அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்த எனக்கு, இரண்டு மொழிகள் அக்கா தங்கையாக இருக்கலாம் என்பது ஏன் உறைக்கவில்லை? உறைக்காமல் இல்லை. உறைக்க விடவில்லை நான்.

"ஏழு மட்டும் எங்க ஊர்ல ஒரு இடத்துல பாக்கியிருக்கு" என்றார் அவர். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கும் ஏழு நாளுக்குக் கரையில் ஃபுங்காத்தே என்று பெயர். எண்ணும்போது அந்தச் சொல் போய்விட்டது, கல்யாண வீட்டில் மட்டும் நிற்கிறது. அதுவும் ம்ஃபுகாரேயும் உடன்பிறப்பு. சொல்லிவிட்டு, "இதுக்குக் கீழே ஏன் சிவப்புக் கோடு?" என்று கேட்டார்.

மறந்துவிடக் கூடாது என்று போட்டேன் என்றேன். அவர் நம்பிவிட்டார்.

இப்போது ஷாப்பில் பட்டை இல்லை. ரசாயனத் தொட்டியும் சுழலும் பீப்பாயும் வந்துவிட்டன. நான் எதையும் எண்ணுவதில்லை, மருந்து மாத்திரையைத் தவிர. அதையும் லாபம் என்றுதான் தொடங்குகிறேன். ஏழாவது மாத்திரை வரும்போதெல்லாம் அந்தத் தீவில் ஒரு தாய் மகளுக்காகக் கட்டிவைத்த வீடு கண்ணில் படுகிறது. நான் பார்க்காத வீடு. அதில் ஏழு நாள் இருக்க வேண்டியவர் எந்தக் கப்பலின் அடியில் கரி அள்ளினாரோ தெரியாது. போன வாரம் இழுப்பறையைத் திறந்து, ஈரத் துணியால் அந்தக் கோட்டைத் துடைத்துப் பார்த்தேன். அவர் எழுதிய கறுப்பு மைதான் கலங்கியது. என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. பயந்துபோய்த் துணியை எடுத்துவிட்டேன்.