நாலு மணிக்குள் வரவேண்டியது

“...இத்தினி தண்ணி குடிச்சிக்கினு கீறியே நைனா, அதெல்லாம் எங்கதான் போவுது?”

கேட்டவர் முனியம்மா. மயிலாப்பூரில் நான் போன வாரம் படுத்திருந்த நர்ஸிங் ஹோமின் ஆயா. கையில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி. காலி ஜாடி.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. என்னிடம் கேட்டால்?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரமாக இந்தப் பத்தி வராததற்கு ‘வெளியூர்’ என்று ஆசிரியர் காரணம் போட்டிருந்தார். பொய். புராஸ்டேட் ஆபரேஷன். அறுபதைத் தொட்ட ஆண்களில் பலருக்கு அடிவயிற்றுக்குள் ஒரு சுரப்பி வீங்கிக்கொண்டு வழியை மறிக்கிறது. எனக்கு அது கேன்ஸரோ என்ற சந்தேகம் வேறு. டாக்டர் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சுரண்டி எடுத்தார். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போயிருந்தது. அதனால் நானும் பார்த்தேன். சொந்த உடம்பின் நேரடி ஒளிபரப்பு – விளம்பர இடைவேளைகூட இல்லை!

சுரண்டிய துணுக்குகள் லேபுக்குப் போய், ‘கேன்ஸர் இல்லை’ என்று திரும்பின. என் மனைவி கமலா கபாலிக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

ஆனால் நிஜப் பரீட்சை அப்புறம்தான். முனியம்மா அப்படிக் கேட்ட அன்று காலைதான், ஆபரேஷனில் செருகியிருந்த சிறுநீர் ட்யூபை உருவினார்கள். “நாலு மணிக்குள்ள தானா போயிடணும் சார். இல்லேன்னா மறுபடியும் ட்யூப் போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பணும்” என்றார் டாக்டர். அது எப்படி இருக்கும் என்று போட்டுக்கொண்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொள்வார்கள்.

தண்ணீர் குடித்தேன். மோர் குடித்தேன். இளநீர்... மறுபடி தண்ணீர். பன்னிரண்டு மணிக்கு முட்டிக்கொண்டு வந்தது. எழுந்தேன்.

“எங்கே கிளம்பிட்டேள் அத்திம்பேர்?”

கமலாவின் தம்பி பட்டாபி. நங்கநல்லூர்க்காரன். ஆபீஸ் சகாக்கள் மூன்று பேரோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தான்.

கமலா தலையில் அடித்துக்கொண்டாள். “போறவாளை எங்கேன்னு கேக்கலாமாடா? காரியம் நடக்குமா? நீங்க உக்காருங்கோ. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு அப்புறமா போங்கோ.”

உட்கார்ந்தேன். குடித்தேன். போனேன்.

அந்த பாத்ரூமுக்கு அட்டை மாதிரி ஒரு கதவு. நான் உள்ளே போனதும் வெளியே பேச்சு சட்டென்று நின்றது. மரியாதையாம்! ஐந்து பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் யாருக்குத்தான் வரும்?

“ஆச்சா அத்திம்பேர்?” என்றான் பட்டாபி, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“இல்லைடா.”

“அடடா...!” – ஐந்து குரல்கள், ஒரே சுருதியில்.

ஒரு மணிக்கு மறுபடி எழுந்தேன். “எங்க சார்?” என்றார் சகாக்களில் ஒருவர், அக்கறையாக. மறுபடி உட்கார், மறுபடி ஒரு வாய் தண்ணீர். இரண்டரைக்குப் பட்டாபியே இன்னொரு தடவை கேட்டுத் தொலைத்தான். அவன் நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் டம்ளர் என் வாயருகே இருந்தது. வயிறு தவில் மாதிரி விறைத்துவிட்டது. மூன்றரைக்கு நர்ஸ் புது ட்யூபைத் தட்டில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அது ஒன்றுதான் தானாக வந்தது.

நம் ஊரில் அன்பு தனியாக வருவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கூட்டமாக வரும். ஆரஞ்சுப் பழத்தோடு வரும். கட்டிலை ஒட்டியே நிற்கும். ‘கொஞ்சம் வெளியே இருங்கள்’ என்று சொல்ல நமக்கும் வாய் வராது.

அப்போதுதான் முனியம்மா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். சுற்றி நின்றவர்களைக் கண்ணால் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜாடியை என் கையில் திணித்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். அடுத்த நிமிஷம் கட்டடமே அதிர ஒரு குரல்:

“லாரி வந்துட்சி! தண்ணி லாரி வந்துட்சிடோய்!”

மே மாதம். குழாயைத் திறந்தால் காற்று வருகிற மாதம். அந்தக் குரலைக் கேட்டால் மெட்ராஸ்காரனுக்கு மூளை வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். பட்டாபி ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சகாக்கள் டிபன் காரியரைப் பிரித்து ஆளுக்கொரு அடுக்கு. கமலா, இது நம் வீடில்லை என்பதையே மறந்து, வாளியோடு பாய்ந்தாள். நர்ஸ்கூட ஒரு குடத்தோடு படியிறங்கினார்!

அறை காலி. ‘எங்கே?’ என்று கேட்க ஆளில்லை. ஜாடியோடு உள்ளே போனேன்.

முதலில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு... குற்றாலத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். அங்கேகூட எனக்கு இப்படிச் சிலிர்த்ததில்லை.

வெளியே வந்து ஜாடியை நீட்டினேன். முனியம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோட்டைப் பார்த்தார். ஒரு தலையாட்டல். பிறகு ஜன்னலைத் திறந்து, கீழே வெயிலில் பாத்திரங்களோடு வரிசை கட்டி நின்ற கூட்டத்தைப் பார்த்து, மாட வீதி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்:

“இன்னாத்துக்கு அங்க நிக்கிறீங்கோ? லாரி வரல... நம்ம நைனாக்குத்தான் வந்துட்சி!”