கற்பூர டப்பாவில் மிளகு

எங்கள் வீட்டில் கற்பூரத்துக்கு இரண்டு வேலை. திருத்தணி மலையடிவாரத்தில் என் கணவர் அதை விற்கிறார். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் அதைக் கரியாக்குகிறேன். அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் எனக்குப் பாவா. சாமிக்குக் காட்டினால் மிச்சமே வைக்காத பொருளிலிருந்து கரி எடுக்க என் பெண்டாட்டியால்தான் முடியும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அது வெறும் கரி இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உலைக்குள் காற்றுப் புகாத குழாயில் கற்பூர ஆவியை இரும்புத் துகள்கள் மேல் செலுத்தினால், அதிலுள்ள கார்பன் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களாக வளரும். அவற்றைப் படலமாகப் பரப்பி, மின்சுற்றில் சுவிட்சாக வேலை செய்ய வைப்பதுதான் என் ஆராய்ச்சி. என் படலங்களோ மின்சாரத்தை நன்றாகக் கடத்தின. நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த படலமும் அணையாவிட்டால் கற்பூரத்தைக் கைவிட்டு வேறு தலைப்புக்கு மாறிவிடு என்று என் வழிகாட்டி முடிவாகச் சொல்லிவிட்டார்.

உலையைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறோம். எனக்குக் கிடைத்த நாள் ஆடிக் கிருத்திகை. ஊருக்குப் போக முடியாமல் விடுதியிலேயே தங்கியிருந்ததால், பாவா முந்தின நாள் தெரிந்தவர் ஒருவரிடம் சோதனைக்கான கற்பூர டப்பாவைக் கொடுத்தனுப்பினார். காலையில் திறந்தேன். கற்பூரக் கட்டிகளுக்கு நடுவே மிளகு.

கற்பூரம் கரைந்துபோகாமல் இருக்க மிளகு போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். நானும் வீட்டில் அப்படித்தான் வைப்பேன். ஆனால் மிளகைப் பொறுக்கி எறியலாம், கற்பூரத்தில் ஏறிய அதன் எண்ணெயை என்ன செய்வது? சென்னையில் கற்பூரத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் முதலிலிருந்தே அவர் கடைச் சரக்கில்தான் எல்லாச் சோதனையும். நடுவில் மாற்றினால் எது எதனால் வந்தது என்றே சொல்ல முடியாது. போனில் கத்தித் தீர்த்தேன். ரயில் வெக்கையில் குறைந்துபோகுமே என்றுதான் போட்டதாகச் சொன்னார். பட்டென்று வைத்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வியாபாரம்தான் எங்களுக்கு வருஷத்தைத் தள்ளிவிடும். காவடிக் கூட்டம் ரயில் ரயிலாகத் திருத்தணியில் வந்து இறங்கிக்கொண்டிருக்க, இவர் கடையை இழுத்துச் சாத்திவிட்டு எதிர்த்திசையில் ஏறியிருக்கிறார். மதியம் ஆய்வுக்கூட வாசலில் வேர்த்து வழிய நின்றார், கையில் பிரிக்காத கற்பூரப் பொட்டலம். என் வழிகாட்டிக்கே சங்கடமாகிவிட்டது. இன்றைக்குப் போய்க் கடையை மூடலாமா என்று கேட்டார்.

"அடிவாரத்துல கற்பூரக் கடை நெறைய கீதுங்க சார். சாமிக்கு யாராவது குடுத்துகினுதான் இருப்பாங்க. இவளுக்கு யாரு குடுப்பாங்க?"

நான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மனுஷனிடமா காலையில் அப்படிக் கத்தினோம் என்று இருந்தது. சாப்பிடக்கூட நிற்காமல் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடினார்.

சில நாட்கள் கழித்துப் புதிய படலத்தைச் சோதித்தேன். மின்னழுத்தத்தை மாற்றினேன், மின்சாரம் நின்றது. திரும்ப மாற்றினேன், ஓடியது. வழிகாட்டி தானும் செய்து பார்த்துவிட்டு, தலைப்பு இதுவே இருக்கட்டும் என்றார். உடனே கடைக்குப் போன் செய்தேன்.

"அணையுது பாவா."

எதிரில் நின்ற யாரையோ கொஞ்சம் இருக்கச் சொன்னார். அப்புறம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"அழுவுறீங்களா?"

"இல்ல, கற்பூரப் புகை" என்றார்.

எங்கள் கடைக்குள் யாரையும் தீக்குச்சி உரசக்கூட விடமாட்டார் அவர்.