பதினேழாம் மதகு

இதைக் கதை என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது நடந்ததுதான். அதுவும் நடுராத்திரியில் இல்லை. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி, வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில். எழில்மொழி இன்றும் பூதலூரில்தான் இருக்கிறாள். கேட்டால் மணி, நிமிடம் மாறாமல் சொல்வாள். கேட்கிறவர்கள் சிரித்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தஞ்சாவூரில் ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனி. வாய்க்கால் மதகுகளில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சென்சார் பெட்டிகளைப் பொருத்துவது அவர்கள் தொழில். மதகுப் பாலத்துக்கு அடியில், குழாய்க்குள் பெட்டி இருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், சுற்றுவட்டார வயல்களில் இருப்பவர்களின் போன்கள் ஒரே நேரத்தில் அடிக்கும். பதிவு செய்த குரல் ஒன்று கரைக்குப் போகச் சொல்லும். எந்த மதகு, எத்தனை அடி, யார் யார் நம்பர் என்ற அமைப்புகள் எல்லாம் கிளவுட் சர்வரில் இருந்தன. அவற்றைக் கவனிப்பது எழில்மொழியின் வேலை. அவள் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டிலிருந்தே செய்யலாம். லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரை. அதில் கட்டளையை அடித்தால், எது எப்படி மாறப்போகிறது என்று முதலில் காட்டும். பிறகு ‘மாற்றலாமா?’ என்று கேட்கும். ‘யெஸ்’ என்று அடித்தால் மாறிவிடும். யார் மாற்றியது, எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்பதெல்லாம் பதிவாகும்.

அன்று மதியம் 2:35க்கு முதலாளி ஹபீப் முகம்மது போன் செய்தார்.

“திருத்துறைப்பூண்டி பக்கம், பதினேழாம் மதகும்மா. காலையிலேர்ந்து மூணு தடவை சும்மா அடிச்சிருக்கு. களை பறிக்கிற பொம்பளைங்க மூணு தடவையும் வேலையப் போட்டுட்டுக் கரையேறிட்டாங்க. விவசாயிங்க கத்துறாங்க. முதல்ல அத ஆஃப் பண்ணு.”

“தண்ணி ஏறலையா சார்?”

“முழங்கால் அளவுதான் இருக்காம். பெட்டி கெட்டுப்போயிருக்கும்.”

2:41க்கு அவள் கட்டளையை அடித்தாள். பதினேழாம் மதகு, எச்சரிக்கை, ஆஃப். ‘மாற்றலாமா?’ யெஸ். முடிந்தது. எழுந்துபோய் மாடியில் காய்ந்த துணியை எடுத்துவந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

2:49க்குப் பார்த்தபோது எச்சரிக்கை ஆனில் இருந்தது.

தான்தான் ஏதோ தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஆஃப் செய்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2:55. ஆன்.

பதிவைத் திறந்தாள். எழில்மொழி, ஆஃப். பகலவன், ஆன். எழில்மொழி, ஆஃப். பகலவன், ஆன்.

காரணம் எழுதும் இடத்தில், தமிழில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. ‘வேண்டாம்.’

அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஹபீப் முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

“சார், பகலவன்னு யாரு? நான் மாத்த மாத்த அவரு திருப்பி மாத்துறாரு.”





“அவன்... இப்ப இல்லம்மா.”

“வேலைய விட்டுட்டாரா?”

“அந்தப் பேரு இருந்தா எடுத்துடு. மதக ஆஃப் பண்ணு.” போன் வைக்கப்பட்டது.

எடுத்துவிடலாம் என்று கட்டளை அடித்தாள். ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்றது திரை. பட்டியலைப் பார்த்தாள். ஐந்தே ஐந்து பெயர்கள். அதில் பகலவன் இல்லை.

 யாரோ வெளியாள் சர்வருக்குள் புகுந்து விளையாடுகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினாள். 3:08க்கு மூன்றாவது முறையாக ஆஃப் செய்தாள்.

3:11. ஆன்.

காரணம்: ‘பதினோரு பேர் வயல்ல நிக்கிறாங்க.’

அவள் மதகைத் திறந்து மூடும் செல்லதுரையைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, தண்ணி எவ்வளவு இருக்கு?”

“அதே முழங்கால்தாம்மா. மழை புடிச்சுக்கிச்சு.”

“வயல்ல எத்தன பேரு?”

“இரு, எண்ணிச் சொல்றேன்.” மழைச் சத்தம் மட்டும் கேட்டது. “...பதினொண்ணு.”



3:17. கரண்ட் போனது.

மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. அறைக்குள் லேப்டாப் வெளிச்சம் மட்டும்.

டக்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

டக்... டக்...

கறுப்புத் திரையில் ஓர் எழுத்து. பக்கத்தில் இன்னொன்று. ஒன்று தவறாக விழுந்தது. அழிந்தது. சரியாக விழுந்தது.

பதினேழாம் மதகு. எச்சரிக்கை அளவு. ஆறு அடியிலிருந்து... ஓர் அடிக்கு.

முழங்கால் தண்ணீருக்கே எல்லாப் போனும் அடிக்கும்.

‘மாற்றலாமா?’

டக் சத்தம் நின்றுவிட்டது.

திரையில் அந்தச் சின்னக் கோடு அணைந்து அணைந்து எரிந்தது. யாரோ அவளுக்காகக் காத்திருப்பதுபோல...

போன் அடித்தது. ஹபீப் முகம்மது.

“ஆஃப் பண்ணிட்டியா?”

அவள் கண் திரையைவிட்டு அகலவில்லை.

“இன்னொரு தடவை அடிச்சா ஒப்பந்தமே போயிடும். கேக்குதா?”

கழுத்துக்குப் பின்னால் சில்லென்று ஒரு மூச்சு. ஜன்னல் மூடியிருந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

யெஸ்.

மணி 3:22.

3:30க்குச் செல்லதுரை கூப்பிட்டார். “என்னம்மா, நாலாவது தடவையும் அடிச்சுடுச்சு. எல்லாரும் கரையில நின்னு என்னைத் திட்டுறாங்க. கீழ அனுப்பிடவா?”

“வேணாண்ணே! யாரையும் இறக்காதீங்க. உங்க கால்ல விழறேன்.”

“ஏம்மா அழுவுற?”

மணி 3:41. வாய்க்காலின் மேல்பகுதியில் எங்கோ கரை உடைந்தது. அதுவரை வைக்காத போனிலேயே அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள். முதலில் உறுமல்போல. பிறகு பெண்களின் அலறல். பிறகு செல்லதுரையின் குரல்: “போச்சு... மதகே போச்சு... வயலே தெரியலம்மா...”

பதினோரு பேரும் கரையில் இருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹபீப் முகம்மது பூதலூருக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கொடுத்த டீயைத் தொடவில்லை.

“போன வருஷம், இதே மதகு. சும்மா அடிக்குதுன்னு புகார். பகலவன் வாய்க்கால்ல இறங்கி நின்னு பெட்டியப் பாத்துக்கிட்டிருந்தான். ‘தண்ணி ஏறுற மாதிரி இருக்கு சார், அலாரத்த விட்டுடுவோம்’னான். நான்தான் ஆஃப் பண்ணுன்னு அதட்டினேன். நின்ன எடத்துலேர்ந்தே போன்ல ஆஃப் பண்ணினான்.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மேலேர்ந்து தண்ணி வந்து அடிச்சுட்டுப் போயிடுச்சு. சாயங்காலம் உடம்புதான் கெடச்சுது. நான் சொல்லித்தான் ஆஃப் பண்ணான்னு யாருக்கும் சொல்லல. அவங்க அம்மாவுக்கும்.”

“சொல்லிடுங்க சார்,” என்றாள் எழில்மொழி.

அன்று மாலையே போய்ச் சொன்னாராம். அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

இதோடு முடிந்திருந்தால் அவள் தூக்கம் கெட்டிருக்காது.

திங்கட்கிழமை அவள் தஞ்சாவூர் ஆபீசுக்குப் போனாள். பெட்டிகளைப் பழுதுபார்க்கும் சுஹைப் நாலு நாள் லீவு முடிந்து வந்திருந்தான். பீரோவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய எதையோ எடுத்து மேசைமேல் வைத்தான்.

“கோடியக்கரையில வலையில மாட்டுச்சுன்னு ஒருத்தர் போன் பண்ணாரு அக்கா. மேல நம்ம நம்பர் இருந்துச்சாம். புதன்கிழமை போய் எடுத்துட்டு வந்து வெச்சேன். அப்படியே லீவுல போயிட்டேன், சொல்ல மறந்துட்டேன்.”

காய்ந்த சேறு அப்பிய சாம்பல் நிறப் பெட்டி. மூடி பிளந்திருந்தது. உள்ளே பேட்டரி இல்லை. பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் எண்: 17.

“புதன்கிழமையா?” என்றாள். “வெள்ளிக்கிழமை இல்ல?”

“புதன்தான் அக்கா.”

அவள் லேப்டாப்பைத் திறந்து, பதினேழாம் மதகிலிருந்து வந்த அளவுகளைப் பார்த்தாள். புதன், வியாழன், வெள்ளி... ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றுகூட விடுபடாமல் வந்திருந்தன. மதகே அடித்துக்கொண்டு போன பிறகும் நிற்கவில்லை. சனி. ஞாயிறு. திங்கள்.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். மணி 10:20.

கடைசி அளவு வந்த நேரம் 10:20.