ஸ்பிரிங்வெளிக்குத் தாமதமாகப் போனேன்

பதுளைக்கு எப்படிப் போவது, தோட்டப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். நான் போனது ஒரே ஒரு முறை, 1979 பிப்ரவரியில். ஊர் பார்க்கப் போகவில்லை. அதனால் இந்தப் பதிவில் அருவி, கோயில் எல்லாம் இருக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். நான் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது கதிர்வேல் முதலாண்டுக்கு வந்து சேர்ந்தான். அவன் அப்பா இலங்கையில், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பூர்வீகம் துறையூர்ப் பக்கம் என்பதால் மகனை இங்கே படிக்க அனுப்பியிருந்தார். எங்கள் விடுதியில் புதியவர்களை ராகிங் செய்வது வழக்கம். சீனியருக்குத் துணி துவைப்பது, மெஸ் வாசலில் நின்று பாட்டுப் பாடுவது, பாதி மீசையை மழிப்பது. ஒரு நாள் கதிர்வேல் தன் அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான். விடிந்ததும் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் வாசித்து, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவாராம். அதற்குப் பெரட்டு என்று பெயராம்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். மறுநாளிலிருந்து மாலை ஆறு மணிக்கு அவனைக் கவிழ்த்த வாளிமேல் ஏற்றி, அப்பா மாதிரியே பேசிப் பெரட்டு எடுக்கச் சொன்னோம். மற்ற முதலாண்டுப் பையன்கள் முதுகில் தலையணை உறையைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுவதுபோல் நடிக்க வேண்டும். வயிறு வலிக்கச் சிரித்தோம். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

நானும் மறந்துதான் போனேன். வேலையில் சேர்ந்த பிறகு, 78 ஆகஸ்டில் விடுதி விழாவுக்குப் போயிருந்தேன். முதலாண்டுப் பையன் ஒருவன் வாளிமேல் நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தான். "என்னடா இது?" என்று கேட்டேன்.

"பெரட்டுண்ணே. நம்ம ஹாஸ்டல் பழக்கம்" என்றான்.

பெரட்டு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. கதிர்வேல் என்ற பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. அன்றே விடுதி அலுவலகத்துக்குப் போனேன். பழைய பதிவேட்டைப் பார்த்து முகவரியைக் குறித்துக்கொண்டேன். பாஸ்போர்ட் கைக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று.

ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலில் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து ரயில். பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாற வேண்டும். காலை ஏழே முக்காலுக்கு ஏறி, மாலை நாலரைக்குப் பதுளையில் இறங்கினேன். நானுஓயாவைத் தாண்டினால் குளிர் எலும்பைப் பிடிக்கும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள். (நான் அப்படித்தான் போனேன்.) பண்டாரவளையில் ஜன்னல் வழியாக வாங்கிய நாலு வடைதான் அன்றைய சாப்பாடு. பதுளைக் கடைவீதியில், ஒரு பாயின் துணிக்கடைக்கு மேலே அறை கிடைத்தது. பதினைந்து ரூபாய். கடைக்காரர், "ஸ்பிரிங்வெளியில சொந்தக்காரங்க இரிக்காங்களா?" என்று கேட்டார். "சிநேகிதன்" என்றேன். சொல்லும்போதே கூசியது.

மறுநாள் ஒன்பது மணி பஸ். எட்டு மைல் தூரத்துக்கு முக்கால் மணி நேரம், ஒரு ரூபாய் இருபது சதம். தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சற்று மேலே ஒரு சின்னத் தனிவீடு. கதிர்வேல்தான் வெளியே வந்தான். என்னை அடையாளம் தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் முகம் மாறியது. ஆனாலும் "வாங்கண்ணே" என்றான்.

அவன் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஹாஸ்டல் அண்ணனா? உக்காருங்க தம்பி. நீங்கள்லாம் இவன எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டீங்கன்னு சொல்லியிருக்கான்."

ரொட்டி சுட அவர் உள்ளே போனதும், நானும் அவனும் வாசலுக்கு வந்தோம். "அப்பா எங்கப்பா?" என்று கேட்டேன்.

"தவறிட்டாருண்ணே. எட்டு மாசமாச்சு. அவரு வேலையத்தான் இப்ப நான் பாக்குறேன்."

"திரும்பி வந்ததுக்கு அவர்கிட்ட என்ன காரணம் சொன்னே?"

"சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன். நம்பல. படிக்க வணங்காம ஓடி வந்துட்டேன்னு கடைசி வரைக்கும் என்னோட சரியா பேசல." கீழே தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான். "அவருகிட்ட நான் என்னத்தண்ணே சொல்றது? அப்பா, ஒங்கள மாதிரியே பேசிக் காட்டுனேன், எல்லாரும் சிரிச்சாங்கன்னா?"

"நான்தான் ஆரம்பிச்சேன். என்னை மன்னிச்சிரு" என்று மட்டும் சொன்னேன். அவன் "சரிங்கண்ணே" என்றான். "சாப்பிட வாங்க."

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தார். "இவன் ஏன் திரும்பி வந்தான்னு அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒங்களுக்காச்சும் தெரியுமா தம்பி?"

அம்மாவுக்குப் பின்னால் நின்ற கதிர்வேல், வேண்டாம் என்று தலையை அசைத்தான். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, தலையணை உறை, சிரிப்பு, விடுதியில் அது இன்னும் நடப்பது, எதையும் விடவில்லை.

அம்மா தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இத அவரு இருக்கப்ப வந்து சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். குரல் உயரவே இல்லை. எழுந்து போய் இன்னொரு ரொட்டி கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் தின்றதில்லை.

மழை பிடித்துக்கொண்டதால் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. காலை ஆறு மணிக்குக் கதிர்வேல் பெரட்டுக்குக் கிளம்பியபோது நானும் பின்னால் போனேன். தூறலில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். பெண்கள் இடுப்பில் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், விட்டுவிட்டு ஓடி வந்து மூச்சு வாங்கினாள். அவன் பேர் வாசித்தான், மலையைச் சொன்னான், அவர்கள் ஏறிப் போனார்கள். செங்குத்தான மலைகள். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஏற்றிவிடும்போதுதான் பேசினான். "அங்க இன்னும் நடக்குதுன்னு சொன்னீங்களே, அத மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே."

திரும்பிய மறுவாரமே விடுதிக்குப் போனேன். காப்பாளரிடம் சொல்லி, மாணவர்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். சிலர் நெளிந்தார்கள். ஒருவன், சும்மா தமாஷுக்குத்தானே என்றான். அந்த வருடம் நிறுத்தினார்கள். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

இனி போகிறவர்களுக்கு: அந்தக் கப்பல் இப்போது இல்லை, கொழும்புவரை விமானம்தான். பதுளை ரயிலுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நான் எழுதிய கட்டணங்களை நம்பிப் பையில் காசு வைக்காதீர்கள். லயங்கள் வேடிக்கை பார்க்கும் இடமல்ல, குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் லீவு, பாஸ்போர்ட் என்று காரணம் தேடாமல், முதலில் ஒரு கடிதமாவது போட்டுவிடுங்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

கதிர்வேலிடமிருந்து அந்தச் சித்திரையில் ஒரே ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. கடைசி வரி இது: "நீங்கள் போன அன்று அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, நீங்கள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குச் சொன்னார்கள்."