பதினெட்டா, இருபத்தைந்தா?

அறுபதுகளின் தொடக்கத்தில், மாரிகுப்பம் பக்கத்துச் சுரங்கம் ஒன்றின் சர்வே ஆபீசில் கணக்கராகச் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதமே மூன்று பேருடைய உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன். மிக அழகான கையெழுத்தில்.

எங்கள் கணக்கில், ஆட்கள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் வாய் பூஜ்யம். கீழே உள்ளவை எல்லாம் மைனஸ். அப்போது மைனஸ் 1800 அடி லெவலிலிருந்து ஒரு குழுவினர் கீழ்நோக்கிக் குழி இறக்கிக்கொண்டிருந்தனர். அதற்கு வின்ஸ் என்று பெயர். மைனஸ் 1900 லெவலிலிருந்து வேறொரு குழுவினர் அதற்கு நேராக மேல்நோக்கிக் குடைந்து வந்தனர், அது ரைஸ். இடைப்பட்ட பாறை இருபது அடிக்குக் குறைந்தால், ஒரு பக்கம் வெடிக்கும்போது மறுபக்கத்தார் வெளியேற வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியைக் கணக்கிட்டுச் சீட்டு அனுப்புவது என் பணி.

அன்று காலை ரைஸின் முகப்பை, அதாவது குடைந்து எட்டியிருந்த நுனியை, டேப் பிடித்து அளந்திருந்தனர்: மைனஸ் 1857. வின்ஸில் உடைந்த கல் அள்ளித் தீராததால், மேஸ்திரி ஏழுமலை போனில் வாய்க்கணக்காகச் சொன்னார்.

"எழுதிக்கோங்க சாமி. எட்டு ரவுண்டு. அஞ்சடி எறக்கம். ஒரு அடி சாக்கெட்டு."

ஒருமுறை துளையிட்டு வெடிப்பது ஒரு ரவுண்டு. வெடித்த பின்னும் அடியில் உடையாமல் நிற்கும் பாறை சாக்கெட். நான் 8 × (−5 + 1) = −32 என்று போட்டேன். ஆகவே வின்ஸின் முகப்பு மைனஸ் 1832. இடைவெளி, −1832 − (−1857) = 25. இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்பதை மறக்கவில்லை என்ற பெருமிதம் வேறு. "இரு பக்கமும் வேலை செய்யலாம்" என்று சீட்டு போயிற்று.

இரண்டு மணிக்கு வின்ஸில் வெடி. ஒன்றரைக்கு ரைஸ் மேஸ்திரி கோவிந்தன் கீழிருந்து போன் செய்தார்.

"இன்னா சாமி, இருபத்தஞ்சு அடின்னு எழுதிக்கீறீங்க? மேல மெஷின் ஓடறது என் பல்லுல அதுருது. ஏழுமல இருமறதுதான் இன்னும் கேக்கல!"

உடனே ஏழுமலையை அழைத்து, ஒவ்வொரு ரவுண்டிலும் ஓரடி நின்றதா என்று கேட்டேன்.

"யார் சொன்னது? மொத ஏழும் சுத்தமா ஒடஞ்சிச்சு. கடசிதான் ஒரு அடி நின்னுச்சு. சாக்கெட்டுன்னா கடசி ரவுண்டுக்குத்தான் சொல்லுவோம். வெள்ளிக்கெழம கோயில்ல பதிகம் பாடறீங்களே, கடசிப் பாட்ட ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னாலயும் பாடுவீங்களா?"

பாடுவதில்லை. பாடிய பயனைச் சொல்லும் அப்பாட்டு, பதிகம் முழுவதற்கும் ஒருமுறைதான். முதலில் பெருக்க வேண்டும்: 8 × −5 = −40. பிறகே ஒன்றைக் கூட்ட வேண்டும்: −39. முகப்பு மைனஸ் 1839, இடைவெளி பதினெட்டு.

கோவிந்தனை அழைத்தேன். "பதினெட்டுதான். பிழை என்னுடையது. ஆட்களோடு வெளியே வந்துவிடுங்கள்."

"வரோம், வரோம். டிபன் டப்பாவ எடுத்துக்கலாமா, அதுக்கும் ஒரு சீட்டு வேணுமா?"

மூவரும் வெளியேறினர். வெடிக்குப் பின் போய்ப் பார்த்தபோது, அவர்கள் நின்று துளையிட்ட பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேலிருந்து பெயர்ந்த கல் அதன்மேல் விழுந்திருந்தது.

அன்று முதல் வாய்க்கணக்கு எதையும், "இது ஒவ்வொன்றுக்குமா, மொத்தத்துக்கு ஒருமுறையா?" என்று கேளாமல் எழுதியதில்லை. நாளடைவில் நான் போனை எடுத்ததுமே, "கடசிக்கு மட்டுந்தான் சாமி, கடசிக்கு மட்டுந்தான்!" என்று மேஸ்திரிகள் கத்துவார்கள். சிரிப்பு வரும். ஆயினும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.